திரைக்கு அந்தப் பக்கம் சரிதா

சரிதா பத்திரமாக இருக்கிறாள் என்பதை ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் யாரிடமும் சொல்ல முடியாது. அவள் பத்திரமாக இல்லாமல் இருந்தாள் என்பதையே யாரிடமும் சொன்னதில்லை.

அக்கம்பக்கத்துக்குத் தெரிந்தவரை அவள் சென்னையில் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். தீபாவளிக்கு ஏன் வரவில்லை என்று எதிர்வீட்டுக்காரி கேட்டபோது, அம்மா ருக்மணி வேறு வழி தெரியாமல் மகளைச் சூப்பர்வைசர் ஆக்கினாள். பொங்கலுக்கும் வராததால் பதவி இன்னும் ஒரு படி உயர்ந்தது. ஆடிப்பெருக்கு வரை போயிருந்தால் மேனேஜரே ஆகியிருப்பாள்.

நிஜத்தில் அவள் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், ஒரு தைலமரத் தோப்புக்குப் பின்னால், வெளியே பூட்டுப் போட்ட தகர ஷெட்டுக்குள் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். போகும்போது வயது பதினேழு. போன மாதம் அதிகாரிகள் பூட்டை உடைத்தார்கள். இப்போது கிருஷ்ணகிரியில் ஒரு பெண்கள் காப்பகத்தில் இருக்கிறாள்.

அவளை அங்கே கொண்டுபோய் விட்டது யார் என்பது வீட்டில் மூன்று பேருக்குத் தெரியும். அப்பா முனிவேல், அம்மா ருக்மணி, அண்ணன் மணிகண்டன். கொண்டுபோய் விட்டது முனிவேலின் கூடப்பிறந்த தங்கை ஜோதிமணி. ஜோதிமணியின் மகள் சுகுணாவுக்கும் மணிகண்டனுக்கும் வைகாசியில் கல்யாணம். பத்திரிகை அடித்தாயிற்று.

அதனால்தான் ருக்மணி போன வாரம் காப்பகத்துக்குப் போய், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருன்னு கேட்டா, பஸ் ஸ்டாண்டுல பார்த்த யாரோ ஒரு பொம்பளைன்னு சொல்லிடு சாமி" என்று கெஞ்சினாள்.

சரிதா உடனே சரி என்றுவிட்டாள். கொஞ்சம் அழுதிருந்தால், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ருக்மணி நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

*

செவ்வாய்க்கிழமை காலை ஜோதிமணி வாசலில் வந்து நின்றாள். சிவப்புச் சேலை, மகளிர் குழுத் தலைவி பேட்ஜ், கையில் வெற்றிலைப் பாக்குப் பை.

"அண்ணி, கெளம்புங்க. கிருஷ்ணகிரில மீட்டிங்கு. பஸ்ஸு வந்து நிக்குது."

"எனக்குத் தோட்டத்துல வேலை இருக்குது ஜோதி." ருக்மணி பசுமைக்குடிலில் ரோஜா வெட்டுகிறவள்.

"அந்த ரோஜா எங்க ஓடிப்போவுது. பஸ்ஸு நெறைய ஆளு கொண்டாரேன்னு மேடத்துகிட்ட சொல்லிப்புட்டேன். சீட்டு காலியாப் போனா என் மானந்தான் போவும்."

"என்னா மீட்டிங்கு?"

"என்னமோ சட்டமாம். நமக்கென்னா? தட்டச் சொல்ற எடத்துல கை தட்டுவோம், சாப்பாடு குடுப்பாங்க, வந்துருவோம்."

உள்ளே, நைட் டியூட்டி முடித்துப் படுத்திருந்த முனிவேல் போர்வைக்குள்ளிருந்தே பேசினான். ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. தூக்கத்திலும் அனுமதி கொடுத்துப் பழக்கம். "போய்ட்டு வா. ஜோதி ஆசையாக் கூப்புடுது."

ருக்மணி அதற்காகப் போகவில்லை. கிருஷ்ணகிரி என்றதும் காப்பகம் ஞாபகம் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு எட்டு போய் மகளைப் பார்த்துவிடலாம். சேலை மாற்றிக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏறினாள்.

*

கூட்டம் என்னவென்றால், ஆள் கடத்தலைத் தடுக்கவும் மீட்கப்பட்டவர்களுக்கு மறுவாழ்வு கொடுக்கவும் மாநில அரசு ஒரு சட்டம் கொண்டுவர இருந்தது. அதற்கு முன்னால் மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். கேட்பதற்கு மக்கள் வேண்டும். மக்கள் தாமாக வருவது வழக்கமில்லை என்பதால் மகளிர் குழுத் தலைவிகளுக்குப் போன் போனது. அவர்கள் பஸ் பஸ்ஸாக மக்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

மசோதாவின் ஆங்கிலப் பிரதி எல்லா நாற்காலியிலும் இருந்தது. தமிழ்ப் பிரதி அச்சில் இருந்தது. பெண்கள் ஆங்கிலப் பிரதியால் விசிறிக்கொண்டார்கள். அதற்கு அது நன்றாகவே உதவியது.

மேடையில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமை. ஓரத்தில் ஒரு திரை. கல்யாண மண்டபத்து அலங்காரக்காரரிடம் வாடகைக்கு எடுத்த திரை. ரோஸ் கலரில் ஜரிகை மயில்கள். மீட்கப்பட்ட பெண் ஒருத்தி அதன் பின்னாலிருந்து பேசுவாள், முகத்தைக் காட்டக் கூடாது, பேரைச் சொல்லக் கூடாது, அதுதான் சட்டம் என்று மைக்கில் விளக்கினார்கள்.

திரைக்குப் பின்னால் ஒரு பல்பு எரிந்ததை யாரும் கவனிக்கவில்லை. மயில்களுக்கு நடுவே ஒரு பெண்ணின் நிழல், நாற்காலியில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இப்போது மலர் பேசுவார். பெயர் மாற்றப்பட்டுள்ளது" என்றார் அறிவிப்பாளர்.

திரைக்குப் பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

ருக்மணிக்கு அதுவே போதுமாக இருந்தது. எந்த அரசாங்கமும் ஒரு கனைப்பை மாற்றிவிட முடியாது.

"வணக்கம்ங்க. எம் பேரு..." குரல் கொஞ்சம் நின்றது. "மலருங்க."

பக்கத்து நாற்காலியில் ஜோதிமணி விசிறுவதை நிறுத்தினாள். திரும்பி ருக்மணியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி. நம்ம சரிதாதான?"

ருக்மணி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கை மட்டும் ஜோதிமணியின் கைக்குள் இருந்தது. இழுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

திரையிலிருந்து குரல் வந்துகொண்டிருந்தது. மனப்பாடம் செய்ததுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"விடியறதுக்கு முன்னாடியே எழுப்பிடுவாங்க. சூப்பர்வைசரு 'பேக, பேக'ன்னு கத்திக்கினே இருப்பாரு. சீக்கிரம் சீக்கிரம்னு அர்த்தம். எங்க ஊர்லயும் கன்னடம் பேசுவாங்க, கேக்க நல்லா இருக்கும். அங்க அந்த ஒரு வார்த்தைதாங்க. ஜன்னலுக்குத் தகரம் அடிச்சிருந்தாங்க. மழை பேஞ்சா சத்தத்துலதான் தெரியும். போனை வாங்கி வச்சிக்கினாங்க. ஒரு தடவ வீட்டுக்குப் பேசச் சொன்னாங்க, ஸ்பீக்கர்ல போட்டு, பக்கத்துலயே நின்னுக்கினு. நல்லா இருக்கேன்னு சொன்னேன்."

அந்தப் போன் ருக்மணிக்கு நினைவிருந்தது. பிள்ளை நல்லா இருக்கிறாள் என்று அன்றைக்கு சேமியா பாயசம் வைத்தாள். எதிர்வீட்டுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தனுப்பினாள்.

நீதிபதி மைக்கைப் பக்கத்தில் இழுத்தார். "உன்னை அங்கே கூட்டிக்கொண்டு போனது யாரம்மா?"

ஜோதிமணியின் பிடி இறுகியது. வளையல் ருக்மணியின் மணிக்கட்டில் பதிந்தது.

திரையில் நிழல் அசையவில்லை. எங்கோ ஒரு குழந்தை அழுதது. யாரோ அதை வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள்.

"தெரியாதவங்கங்க. பஸ் ஸ்டாண்டுல பார்த்த யாரோ ஒரு பொம்பளை."

பிடி தளர்ந்தது. ஜோதிமணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தங்கம் அண்ணி. தங்கமான புள்ள."

அந்தக் கண்ணீர் நடிப்பில்லை. நடிப்பாக இருந்திருந்தால் ருக்மணிக்கு எல்லாமே சுலபமாக இருந்திருக்கும்.

"நான் ஒண்ணு கேக்கலாம்ங்களா?" என்றது திரை.

"கேளம்மா."

"கூட்டிக்கினு போனவங்க தெரிஞ்சவங்களா இருந்தா, சொந்தக்காரங்களாவே இருந்தா, பேரைச் சொன்ன பொறவு அந்தப் பொண்ணு எந்த வீட்டுக்குப் போவும்ங்க? அதுக்கு இந்தச் சட்டத்துல எடம் இருக்குதுங்களா?"

நீதிபதி நல்லவர். அந்தக் கேள்வியைப் பேனாவால் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார். பிறகு மசோதாவைப் புரட்டினார். தண்டனைக்கு நிறையப் பக்கங்கள் இருந்தன. சொத்தைப் பறிமுதல் செய்வதற்கு, வண்டியைப் பறிமுதல் செய்வதற்குத் தனித்தனியாகப் பக்கங்கள் இருந்தன. கடைசியில் தேடியது கிடைத்தது.

"தங்குமிடம் பற்றி விதிமுறைகள் பின்னர் வகுக்கப்படும் என்று இருக்கிறது."

"பின்னர்னா எப்பங்க?"

"சட்டம் நிறைவேறிய பிறகு."

"அதுவரைக்கும்ங்க?"

நீதிபதி பதில் யோசித்தார். மேடைக்குக் கீழே நின்ற அமைப்பாளர் யோசிக்கவில்லை. முன்வரிசையைப் பார்த்துக் கையை லேசாக உயர்த்தினார். கை தட்ட வேண்டிய இடம் அது என்று ஜோதிமணிக்குப் புரிந்தது. தட்டினாள். பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் கேள்வி கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்துபோனது.

*

அடுத்து நலத்திட்ட உதவி. மீட்கப்பட்ட பெண்ணின் மறுவாழ்வுக்காக ஒரு தையல் மிஷின்.

இரண்டு பேர் அதைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்தார்கள். சக்கரத்தில் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தது. காலர் தைத்துத் தைத்து நகம் பிளந்த பெண்ணுக்கு என்ன கொடுக்கலாம் என்று யாரோ ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்து, தையல் மிஷின் என்று முடிவு செய்திருந்தார்கள்.

அதில் ஒரு சின்னச் சிக்கல். வாங்குகிறவளின் முகத்தைக் காட்டக் கூடாது. வாங்குவதைப் போட்டோ எடுத்தே ஆக வேண்டும். போட்டோ இல்லாமல் கொடுத்தால் கொடுத்ததாக ஆகாது.

அமைப்பாளர் முன்வரிசையை ஒரு பார்வை பார்த்தார். சிவப்புச் சேலை எடுப்பாக இருந்தது. பேட்ஜைப் படித்து அறிவிப்பாளரின் காதில் சொன்னார்.

"பாதிக்கப்பட்ட சகோதரி மலர் சார்பில், மத்திகிரி மகளிர் குழுத் தலைவி திருமதி ஜோதிமணி அவர்கள் பெற்றுக்கொள்வார்."

ஜோதிமணி எழுந்தாள். எழாமல் இருந்தால்தான் சந்தேகம் வரும். சேலையைச் சரிசெய்துகொண்டு, படியேறி, நீதிபதிக்குக் கும்பிடு போட்டு, மிஷின் சக்கரத்தில் கையை வைத்து, கேமராவைப் பார்த்தாள். போட்டோக்காரர் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். கொஞ்சம் சிரித்தாள்.

ஆக, காலையிலிருந்து எல்லோரும் கவனமாகச் சொல்லாமல் வைத்திருந்த பெயரைக் கடைசியில் அரசாங்கமே மைக்கில் சொல்லிவிட்டது.

ருக்மணி மேடையைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மயில்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த நிழல் எழுந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு யாரோ பல்பை அணைத்தார்கள்.

*

சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ருக்மணி மேடைக்குப் பின்பக்கம் போனாள். காப்பகத்தின் ஆலோசகர் ரஞ்சிதா ஒரு அறைக் கதவை மறித்து நின்றிருந்தாள். ருக்மணியை அடையாளம் தெரிந்தது. ஒரு நொடி யோசித்துவிட்டு வழிவிட்டாள்.

"கொஞ்ச நேரந்தான்மா. வேன் வந்துரும்."

சரிதா ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள். காப்பகத்தில் கொடுத்த நீலச் சுடிதார், தோளில் இரண்டு அளவு பெரியது.

"வந்திருந்தியா?" என்றாள்.

"நீ பேசப்போறன்னு எனக்குத் தெரியாது சாமி."

"அத்தைகூடத்தான் வந்தியா?"

"பஸ்ஸு அவளுதுதான்."

சரிதா தலையை ஆட்டினாள். பிறகு பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி கேட்டாள். "நீ சொன்ன மாதிரியே சொன்னேனாம்மா?"

ருக்மணி கையிலிருந்த பொட்டலத்தை நீட்டினாள். "தக்காளி சோறு. சாப்புடு."

சரிதா வாங்கிப் பிரித்தாள். ஆள்காட்டி விரலில் நகம் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு கோடு. இரண்டு வாய் சாப்பிட்டாள்.

"மிஷினு பாத்தியா?"

"பாத்தேன்."

"அந்தச் சத்தம் கேட்டாலே காதப் பொத்திக்கிறேம்மா. வேற எதாச்சும் வாங்கிக்கலாமான்னு கேட்டேன். லிஸ்ட்டுல அதுதான் இருக்குதாம். ஆடு வேணும்னா கேக்கலாம், ஆனா அது வேற டிபார்ட்மென்டாம்."

சிரிப்பாள் என்று ருக்மணி பார்த்தாள். சரிதா பொட்டலத்தை மடித்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"ஷெட்டுல கடைசியா ஒரு புள்ள வந்துச்சு. கெலமங்கலத்துப் புள்ள. ராவெல்லாம் அழுவும். யாருடி கூட்டியாந்ததுன்னு கேட்டேன். ஒரு அத்தை, பஸ்ல வரும்போது முறுக்கு வாங்கிக் குடுத்துச்சு, தலையில கை வச்சி தூங்கச் சொல்லுச்சுன்னு சொன்னா. என்னையும் அப்படித்தாம்மா தூங்கச் சொல்லுச்சு. தூங்குனேன்."

ருக்மணி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"பூட்டை ஒடைச்ச அன்னிக்கி அந்தப் புள்ள அங்க இல்ல. முன்னாடியே வேற எங்கயோ மாத்திட்டாங்க. எங்கன்னு அத்தைக்குத்தான் தெரியும். இன்னைக்கி அந்தப் பேரை மைக்குல கேட்டன்ல, அப்பவே முடிவு பண்ணிட்டேன். நான் பேரை மறைச்சா அந்தப் புள்ளையை மறைக்கிற மாதிரி."

"மணிகண்டனுக்கு வைகாசில..."

"தெரியும்மா. சுகுணா நல்லவதான்."

"உங்கப்பாவுக்கு அவ ஒரே தங்கச்சி..."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதாம்மா." சரிதா குரலை உயர்த்தவில்லை. "இன்னைக்கி சாயங்காலம் ரஞ்சிதா மேடத்துகிட்ட எழுதிக் குடுத்துருவேன். குடுத்தா, நாளைக்கிப் பத்து மணிக்கு மேல போலீசு அத்தை வீட்டுக்கு வரும்னு மேடம் சொன்னாங்க. அதுவரைக்கும் நீ சொல்லிடாத. அப்பாகிட்டயும் சொல்லாத, அவரு தங்கச்சிகிட்ட சொல்லிருவாரு. எனக்காக இது ஒண்ணு செய்யி."

வெளியே வேன் ஹாரன் அடித்தது. ருக்மணி மகளின் தோளைத் தொட்டாள். தைத்துத் தைத்து ஒரு தோள் மட்டும் இறங்கிப்போயிருந்தது.

"எல்லாம் முடிஞ்ச பொறவு, நீ..."

"வீட்டுக்கு வான்னு சொல்லாதம்மா." சரிதா அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். "சொன்னா வந்துருவேன். வந்தா உன்னால சமாளிக்க முடியாது. அப்பா பேச மாட்டாரு, அண்ணன் கல்யாணம் நின்னிருக்கும், நீ நடுவுல நின்னுக்கினு ரெண்டு பக்கமும் அழுதுக்கினு இருப்ப. நான் அத ஒக்காந்து பாக்கணும். வேணாம்."

ருக்மணி சொல்லவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று வேன் வரை கூடவே நடந்தாள். வேன் கதவு மூடும்வரை வாயில் இருந்தது. சொல்லவில்லை.

*

திரும்பும்போது சானமாவு காட்டுப் பக்கத்தில் பஸ் நின்றது. யானைகள் ரோட்டைக் கடக்கப் போகின்றன என்று வனத்துறைக்காரர்கள் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். வெயில் சாய்ந்து மரங்கள் மட்டும் மஞ்சளாக இருந்தன.

பெண்கள் எல்லோரும் எதிர்ப்பக்க ஜன்னலுக்கு ஓடினார்கள். யானை விஷயத்தில் அந்த ஊர் ரொம்பக் கறார். எல்லையைத் தாண்டி எத்தனை வந்தது, அதில் குட்டி எத்தனை, எந்தக் காட்டில் நிற்கிறது, எத்தனை திரும்பிப் போனது என்று எல்லாமே அன்றன்றைக்கு வாட்ஸ்அப்பில் வந்துவிடும். ஒரு யானை குறைந்தாலும் தேடுவார்கள்.

பஸ்ஸின் இந்தப் பக்கம் ருக்மணியும் ஜோதிமணியும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

"சோறு திங்கற நேரத்துல காணோமே அண்ணி. புள்ளையப் பாக்கப் போனீங்களா?"

"ஆமா."

"எப்பிடி இருக்குது?"

"எளைச்சிட்டா."

ஜோதிமணி பேட்ஜைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். "நான் அதுக்குக் கெடுதல் நெனைக்கல அண்ணி. அந்த வயசுல நான் குவாரில கல்லு சுமந்தேன். மண்டை வெடிக்கிற வெயிலு. என்னைய யாரு வந்து காப்பாத்துனாங்க? வெயில் படாத வேலையாச்சேன்னுதான் சேத்துவிட்டேன். உள்ள வச்சிப் பூட்டுவான்னு எனக்கு என்னா தெரியும்?"

முதலில் தெரியாது. அதை ருக்மணியும் நம்பினாள். பிறகு தெரிந்திருக்கும். தெரிந்த பிறகுதான் கெலமங்கலத்துப் பிள்ளை முறுக்கு தின்றுகொண்டே போயிருக்கிறது.

"அந்த ஜட்ஜு கேட்டப்ப என் உசுரு என்கிட்ட இல்ல அண்ணி." ஜோதிமணி இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். "வேற எதாச்சும் சொல்லுச்சா? உங்ககிட்ட? அந்த மேடத்துகிட்ட?"

எதிர் ஜன்னலில் பெண்கள் சத்தம் போடாமல் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டார்கள். முதல் யானை வந்துவிட்டது போல.

"அவ ஒண்ணியும் சொல்லல" என்றாள் ருக்மணி. "உம் பேரு அவ வாயில வரவேயில்ல."

ஒரு வருடமாக அவள் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாள். செல்போன் கம்பெனி, சூப்பர்வைசர், லீவு கிடைக்கவில்லை, பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒரு பொம்பளை. எல்லாம் மகளுக்காக என்றுதான் நினைத்திருந்தாள். மகளுக்காக அவள் சொன்ன முதல் பொய் இதுதான்.

ஜோதிமணி மூச்சை விட்டாள். உடம்பே லேசாகிவிட்டது அவளுக்கு. "அப்ப சரி. இனிமே கல்யாண வேலையப் பாப்போம். நாளைக்கி மத்தியானம் சுகுணாவுக்கு ஜாக்கெட் எடுக்கப் போலாம். காலைல மட்டும் ஒரு சோலி இருக்குது, அத முடிச்சிட்டு வந்துர்றேன்."

"என்னா சோலி?"

"நம்ம லைன்ல கடைசி வூட்டு கோவிந்தப்பன் இருக்கான்ல? பிரஸ் மிஷின்ல வெரலு போனதுலேர்ந்து வேலை இல்லாமக் கெடக்கறான். அவன் மவளுக்கு ஒரு வேலை பாத்திருக்கேன். விடியக்காலை பஸ்ஸுல கொண்டுபோய் விட்டுட்டு வந்துருவேன்."

ருக்மணி திரும்பி அவளைப் பார்த்தாள்.

"ஐயோ, அந்த எடம் இல்ல அண்ணி. சத்தியமா. இது வேற எடம், நல்ல எடம்." ஜோதிமணி அவள் தொடையில் கையை வைத்தாள். சொன்னதை அவளே நம்பியதாகத்தான் தெரிந்தது.

யானைகள் போய்விட்டன. பெண்கள் தங்கள் சீட்டுக்குத் திரும்பினார்கள். குட்டி அம்மாவின் வாலைப் பிடித்துக்கொண்டு போனதை ஒருத்தி எல்லோருக்கும் நடித்துக் காட்டினாள். பஸ் கிளம்பியது.

போலீஸ் வருவது பத்து மணிக்கு மேல். காப்பகத்து நம்பர் மணிகண்டனின் போனில்தான் இருக்கிறது. அவனுக்கு இன்றைக்கு நைட் ஷிப்ட். கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அவன் வீடு வந்து சேர்வதற்குள் விடியக்காலை பஸ் எல்லையைத் தாண்டியிருக்கும். அப்படியே அவன் கிடைத்தாலும், மாமியார் ஆகப்போகிறவளைப் பிடித்துக் கொடுக்க அவனிடமே நம்பர் கேட்க வேண்டும்.

கோவிந்தப்பன் மகளை ருக்மணிக்குத் தெரியும். குழாயடியில் அடுத்தவர்களுக்குக் குடம் தூக்கிவிடுகிற பிள்ளை. கோவிந்தப்பனிடம் சொன்னால் ராத்திரிக்குள் ஜோதிமணி காதுக்குப் போய்விடும், கூடவே போனால் பிள்ளையைத் தனியாக விடாமலாவது இருக்கலாம்.

"எத்தினி மணிக்கு பஸ்ஸு?"

"அஞ்சரை. ஏன் அண்ணி?"

"நானும் வர்றேன்."

ஜோதிமணி ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்களா?"

"புது எடம். புள்ள பயந்துக்கும். கூட இன்னொரு பொம்பளை இருந்தா நல்லதுதான."

ஜோதிமணியின் கண் மறுபடி கலங்கியது. இந்த ஒரு மாதமாக அண்ணி முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. "நீங்க எம்மேல கோவமா இருக்கீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன் அண்ணி" என்றாள். பிறகு காலையிலிருந்து நின்ற அசதியில், சின்னப் பெண்ணைப் போல, ருக்மணியின் தோளில் தலையைச் சாய்த்து அப்படியே தூங்கிப்போனாள்.

அவள் விழித்துவிடக் கூடாது என்று, ஓசூர் வரும்வரை ருக்மணி தோளை அசைக்கவில்லை.